மூலையில் வைத்த கண்டென்சர்

அக்காவை நினைத்தால் முதலில் ஒரு பெரிய தாள்தான் கண்ணுக்குள் வருகிறது. உள்ளங்கை அகலமே இருக்கும் சர்க்கியூட் போர்டை நாலு மடங்கு பெரிதாக்கி அச்சிட்ட தாள். செம்புக் கோடு ஓடும் இடமெல்லாம் கறுப்பு, மீதியெல்லாம் வெள்ளை. அதை மேசையில் விரித்து, சுருளாமல் இருக்க மூலைகளில் டீ டம்ளரையும் ஸ்டாப்ளரையும் வைத்து, சிவப்புப் பென்சிலால் மின்சாரம் போகும் வழியையும் திரும்பி வரும் வழியையும் கோடு இழுத்துப் பார்ப்பாள். கம்ப்யூட்டரில் எல்லா வேலையும் முடித்த பிறகும் இந்த ஒன்றை மட்டும் அவள் தாளில்தான் செய்தாள். பென்சில் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து சேர்ந்ததும், கோட்டுக்குள் எவ்வளவு வெள்ளை அடைபட்டிருக்கிறது என்று பார்ப்பாள். கொஞ்சமாக இருந்தால் தாளைச் சுருட்டிவிட்டுச் சாப்பிடப் போவாள். அதிகமாக இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு பிந்தும்.

மின்வெட்டு மக்களைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கிய காலம். இரணியல் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில், முன்பு முந்திரிப் பருப்பு உடைத்த ஒரு ஓட்டுக் கட்டிடத்தில் எங்கள் தொழிற்கூடம் இருந்தது. நான் அஞ்சுகிராமத்துக்காரி. பொறியியல் முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். செய்து முடித்த போர்டுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. போர்டுகளை வரைவது அக்காவின் வேலை. என்னைவிட ஆறு வயது மூத்தவள், டிப்ளமோ படித்தவள். புதுக்கடையைத் தாண்டிக் கடற்கரையில் அவள் ஊர். காலையில் இரண்டு பஸ் மாறி வருவாள். ஒரே மாவட்டம்தான் என்றாலும் முதல் சில வாரம் அவள் பேச்சில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. என்னை மக்கா என்பாள். கோபம் வந்தால் ஏட்டி. அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அவளையும் தம்பியையும் வளர்த்தது அம்மாவின் சகோதரர். மாமா என்று அவள் சொல்லும்போதெல்லாம் குரல் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும்.

அந்த வெள்ளையை ஏன் அப்படிப் பார்க்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். கல்லூரியில் நானும் படித்த விஷயம்தான். ஆனால் தேர்வுக்குப் படித்தது தேர்வோடு போயிருந்தது. "கரண்டு போனா திரும்பி வரணும் மக்கா" என்றாள். "இந்தா இந்த ஸ்விட்ச் ஒரு செக்கண்டுல லட்சம் தடவை தொறந்து அடைக்குது. ஒவ்வொரு தடவையும் கரண்டு வெட்டி வெட்டித்தான் ஓடும். போற வழியும் வாற வழியும் ஒட்டிக் கெடந்தா அது அடங்கிக் கெடக்கும். எடையில வெளி விட்டியானா, அந்த வெளியில நின்னு கூவும்." ஸ்விட்ச்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டருக்கு அந்த வெட்டு வெட்டான மின்சாரத்தைக் கொடுப்பது பக்கத்தில் நிற்கும் பெரிய கண்டென்சர். இரண்டும் தோளோடு தோள் நிற்க வேண்டும். தள்ளி வைத்தால் செம்புக் கோடே ஒரு ஏரியல் ஆகிவிடும். இதை இத்தனை எளிதாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

படகுகளுக்கான பெட்டி அக்காவின் யோசனை. இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அவள் தன்மேல் சுமத்திக்கொண்டதில் இதுவும் ஒன்று. அவள் ஊர் விசைப்படகுகளில் இரண்டு பேட்டரியைச் சேர்த்து இருபத்துநாலு வோல்ட் வைத்திருப்பார்கள். வயர்லெஸ்ஸுக்கும் விளக்குக்கும் பன்னிரண்டு வோல்ட்தான் வேண்டும். அதனால் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்துக்கொள்வார்கள். அந்த ஒன்று சீக்கிரம் செத்துப்போகும். கூடவே மற்றதும் கெடும். இருபத்துநாலைப் பன்னிரண்டாகக் குறைத்துக் கொடுக்க ஒரு சின்னப் பெட்டி செய்தால் என்ன என்று அவள்தான் முதலாளியிடம் கேட்டாள். முதலாளி பல வருடம் வளைகுடாவில் மின்சாரப் பணியில் இருந்து திரும்பியவர். நல்ல மனிதர். கேட்ட உடனே தலையாட்டினார்.

அக்கா வரைந்த முதல் போர்டு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு பக்கமும் செம்பு உள்ள போர்டு. கண்டென்சர், ஸ்விட்ச், டயோடு மூன்றும் ஒரு தீப்பெட்டி இடத்துக்குள் நெருங்கி நின்றன. தாளில் சிவப்புக் கோடு இழுத்தபோது உள்ளே வெள்ளையே இல்லை. அன்று அவள் நேரத்தோடு சாப்பிட்டாள். ஆனால் முதலாளி அதற்கு முன்பே வேறு ஒரு சார்ஜருக்காக பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கிக் குவித்திருந்தார். அந்தச் சார்ஜர் விற்கவில்லை, பெட்டிகள் ஒரு அறை நிறையக் கிடந்தன. அவற்றில் போட ஒருபக்கச் செம்பு போர்டுகளும் அளவாக வெட்டி வைத்திருந்தார். பெட்டியின் நடுவில்தான் சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடு நிற்கப் பள்ளம் உண்டு. ஸ்விட்ச் அதில்தான் நிற்க வேண்டும். மூடி சரிந்து இறங்குவதால் உயரமான கண்டென்சருக்கு ஒரே ஒரு மூலையில்தான் இடம். மின்சாரம் மூலையிலிருந்து கிளம்பி, நடுவுக்கு வந்து, போர்டை ஒரு சுற்றுச் சுற்றித்தான் மூலைக்குத் திரும்ப முடியும்.

"இதுல வரைக்க முடியாது சார்" என்று அக்கா சொன்னாள். ஒரு வாரம் சொன்னாள். முதலாளி ஒருநாளும் குரலை உயர்த்தவில்லை. "முதல்ல இந்தப் பெட்டி தீரட்டும் மோளே. அடுத்ததுக்கு நீ வரைஞ்சதையே போடுவோம்" என்றார். ஊரிலிருந்து படகுக்காரர்களும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பேட்டரிகள் செத்துக்கொண்டிருந்தன. எட்டாவது நாள் அவள் உட்கார்ந்து வரைந்தாள். அந்தத் தாளில் பென்சில் கோடு இழுத்தாளா என்று நான் பார்க்கவில்லை.

போர்டு என் மேசைக்கு வந்தது. பன்னிரண்டு வோல்ட் ஆடாமல் அசையாமல் நின்றது. எட்டு மணி நேரம் ஓட விட்டும் சூடு அளவுக்கு மேல் ஏறவில்லை. என் சோதனைத் தாளில் இருந்த ஒவ்வொரு கட்டத்திலும் சரி போட முடிந்தது. அக்கா மறுநாள் தம்பியின் படகிலிருந்து வயர்லெஸ் செட்டைக் கழற்றிப் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். பெட்டியிலிருந்து அதற்கு மின்சாரம் கொடுத்ததும் மணல் கொட்டுவதுபோல ஒரு இரைச்சல் எழுந்தது. முதலாளியைக் கூப்பிட்டோம். அவர் வாசலுக்குப் போய் இன்னொரு கைச் செட்டில் பேசினார். இரைச்சலைக் கிழித்துக்கொண்டு அவர் குரல் தெளிவாகவே வந்தது.

"கேக்குதுல்லா? அது போதும்" என்றார்.

"வாசல்ல நிக்கிற ஆளு பேசுனா கேக்கும் சார்" என்றாள் அக்கா. "பத்து மைலுக்கு அப்பறம் உள்ளவன் பேசுனா?"

 அவர் அடுத்த தடவை என்று மறுபடியும் சொன்னார். என் தாளில் இரைச்சலுக்கு ஒரு கட்டம் இல்லை. கீழே ஓரமாக ஒரு வரி எழுதியிருக்கலாம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, எனக்கென்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டேன்.

பெட்டிகள் விற்றன. பேட்டரிகள் இரண்டு மடங்கு நாள் உழைத்தன. ஊரில் அக்காவின் பேர் ஏறியது. மாமா தன் படகில் ஒன்று மாட்டினார், தம்பி டிரைவராக இருந்த படகில் ஒன்று மாட்டினார்கள். இரைச்சலைப் பற்றி யாரும் குறையாகச் சொல்லவில்லை. மழை என்றால் நனையும் என்பதுபோல, பெட்டி என்றால் இரையும் என்று எடுத்துக்கொண்டார்கள். பேசும்போது சத்தத்தைக் கூட்டுவார்கள், மற்ற நேரம் குறைத்து வைப்பார்கள். அறையில் கிடந்த பெட்டிகள் குறைந்துகொண்டே வந்தன. இன்னும் இரண்டு மாதம், பிறகு என் போர்டு என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாமாவின் படகு அந்த இரண்டு மாதத்துக்குள் போய்விட்டது. அதில் ஆறு பேர் இருந்தார்கள். எஞ்சின் நின்றுவிட்டது, பிற்பகலில் காற்று எழுந்தது, படகு அலைக்கு விலா காட்டிக் கவிழ்ந்தது. மூன்றாம் நாள் கேரளத்துப் படகு ஒன்று டீசல் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்த ஒரு ஆளைத் தூக்கியது. மற்ற ஐந்து பேரில் இரண்டு உடல்தான் கிடைத்தது. மாமாவின் உடல் கிடைக்கவே இல்லை.

பிழைத்து வந்தவர் மாதா கோயில் முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னதை அக்கா என்னிடம் சொன்னாள். அவர் சொன்ன சொல்லிலேயே சொன்னாள். "உச்சைலேருந்து கூப்பிட்டோம். அவனுக்க படகு பக்கத்துல தான் கெடக்குன்னு காலையிலயே கண்டோம். உனக்க மாமா அவனைத்தான் கூப்பிட்டாரு. மருமவனே, மருமவனேன்னு. பேட்டரி தாழுறது வரை கூப்பிட்டாரு." மருமகன் என்று அவர் கூப்பிட்டது அக்காவின் தம்பியை.

தம்பி அங்கேயே நின்று இதைக் கேட்டிருக்கிறான். படகு கவிழ்ந்த அன்று காலை வலையை இழுத்து ஏற்றி முடித்து, ஆட்கள் சாப்பிட்டுப் படுக்கும்போது, இரைச்சல் தூங்க விடவில்லை என்று வயர்லெஸ்ஸை அணைத்தது அவன்தான். மறுபடி அதைப் போட்டது பொழுது சாயும் நேரத்தில். அதில் இரைச்சல் மட்டும் இருந்தது. முற்றத்தில் யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனே சொன்னான். "நான் ஆஃப் பண்ணிட்டேன்" என்று ஒரு தடவை சொன்னான். அதற்குப் பிறகு அவன் கடலுக்குப் போகவில்லை.

அக்கா ஒன்பது நாள் கழித்து வேலைக்கு வந்தாள். நேராக முதலாளி அறைக்குப் போய், விற்ற பெட்டியையெல்லாம் திரும்ப வாங்க வேண்டும் என்றாள். அவர் முகம் வெளுத்துப்போனது எனக்குக் கண்ணாடி வழியே தெரிந்தது. "கடல்ல காத்தடிச்சதுக்கு நம்ம பெட்டி என்ன செய்யும் மோளே" என்றார், யாரோ தன்னிடம் அதைச் சொல்ல மாட்டார்களா என்பதுபோல. விற்பனையை நிறுத்தினார். திரும்ப வாங்கவில்லை. மீதிப் பெட்டிகளை என்ன செய்தார் என்று தெரியாது. அக்கா தானே ஒவ்வொரு படகாக ஏறிச் சொன்னாள். "இது இரையும்னு எங்களுக்குத் தெரியும்லா பிள்ளே, உனக்கு இப்பம் தான் தெரியுமா" என்று ஒரு வயதானவர் கேட்டாராம். சிலர் கழற்றினார்கள். சிலர் பேட்டரி போய்விடும் என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை என் மேசையருகே வந்து நின்றாள். "ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வருவியா? அவன்கிட்ட ஒண்ணு காட்டணும். நான் சொன்னா நம்ப மாட்டேங்கான். நீ எஞ்சினியர்லா" என்றாள்.

பூசை முடிந்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். முன்னறையில் இரண்டு பேட்டரி, ஒரு வயர்லெஸ் செட், கழற்றி எடுத்த பெட்டி, அதோடு அக்கா தன் கையால் ரசாயனத்தில் அரித்துச் செய்த அந்த முதல் போர்டு எல்லாம் தரையில் தயாராக இருந்தன. தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். கைகள் பெரியவை, அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாததுபோல மடியில் போட்டிருந்தான். அம்மா அடுக்களை வாசலில் நின்றாள்.

அக்கா முதலில் பெட்டியை மாட்டினாள். மணல் கொட்டியது. அதைக் கழற்றிவிட்டுத் தன் போர்டை மாட்டினாள். செட்டில் விளக்கு எரிந்தது, சத்தமே இல்லை. துறைமுகத்தில் யாரோ ஐஸ் வந்துவிட்டதா என்று யாரையோ கேட்பது அந்த அமைதிக்குள் மெதுவாகக் கேட்டது. திரும்பப் பெட்டியை மாட்டினாள். அந்தக் குரல் மூழ்கிப்போனது. மூன்று தடவை இப்படிச் செய்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"பாத்தியா? இது நான் வரைஞ்சது. கண்டென்சரை மூலையில வச்சு வரைஞ்சது நான். கூடாதுன்னு தெரிஞ்சே வரைஞ்சேன். இரைச்சல் உனக்க குற்றம் இல்ல மக்கா, எனக்க குற்றம். நீ ஆஃப் பண்ணாம வச்சிருந்தாலும் அவரு விளிச்சது உனக்குக் கேட்டிருக்காது."

 அவனுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்து வந்திருந்தேன். அக்கா அதைத்தான் வேண்டியிருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன். அவன் அவளைத் திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூட, அவள் கொண்டுவந்ததை அவன் வாங்கிக்கொண்டதாக ஆகியிருக்கும். அவன் மெதுவாகக் கேட்டான்.

"கேட்டிருக்காதுன்னு உனக்கு உறப்பாட்டுத் தெரியுமா அக்கா?"

உறப்பு என்றால் அவர்கள் பேச்சில் உறுதி. இரண்டு படகுக்கும் இடையிலிருந்த தூரம், அந்த உயரத்து ஏரியல், அந்த இரைச்சல். நாங்கள் இருவரும் அதை எத்தனையோ முறை மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தோம். கேட்டிருக்காது என்பதற்கு எவ்வளவு வாய்ப்பு இருந்ததோ, காதை வைத்துக் கூர்ந்து கேட்டால் மருமவனே என்பதாவது கேட்டிருக்கும் என்பதற்கும் அவ்வளவு இருந்தது. அக்கா ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். வேலையில் ஒரு போர்டைப் பற்றிக்கூடத் தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதவள், அந்தச் சொல்லை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லியிருக்கலாம். என்னை அழைத்து வந்ததே அதற்குத்தான். எஞ்சினியர் என்று அவன் என்னையும் ஒரு முறை பார்த்தான். என் கையெழுத்து அந்தப் பெட்டிக்குள் ஒட்டிய சீட்டில் இருந்தது. வாய் திறந்தால் அதுதான் முதலில் வெளியே வரும் என்று பயந்து நான் பேட்டரியின் வயரைக் கழற்றுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"இரைச்சல் இருந்தது எனக்கும் தெரியும்" என்றான் தம்பி. "அது நீ வரைஞ்சதாட்டே இருக்கட்டும். அணைச்சது யாரு?"

எழுந்து வெளியே போனான். அம்மா எங்களுக்குச் சாப்பாடு போட்டாள். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

அந்த வருடம் முடிவதற்குள் நான் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். தொழிற்கூடம் அதன்பிறகு அதிக நாள் ஓடவில்லை. மின்வெட்டு குறைந்தது, இன்வெர்ட்டர் வாங்குவாரும் குறைந்தார்கள். அக்காவுக்கு முதலில் போன் செய்வேன், பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும், பிறகு அதுவும் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று எடுத்து, ஊரில் மழையா என்று கேட்டு வைத்துவிடுவேன்.

சில வருடம் கழித்து, விடுமுறை முடிந்து திரும்பும்போது இரணியல் ரயில் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். காலை நேரம், நடைமேடையில் பத்துப் பேர்கூட இல்லை. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பதாகவும், கோட்டயத்தில் படிக்கும் ஒரு சொந்தக்காரப் பெண்ணை முந்தின ரயிலில் ஏற்றிவிட்டுத் திரும்புவதாகவும் சொன்னாள். முடி முன்பக்கம் நரைத்திருந்தது. போர்டு வரைவதில்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள். தம்பி குவைத்தில் மீன் குளிர்சாதனக் கிடங்கில் இருக்கிறான், போய் நாலு வருடம் ஆகிறது, அம்மா இறந்ததற்கும் வரவில்லை என்றாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் போனில் பேச்சே நின்றுவிடுமாம்.

அத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்ததை அங்கே நின்றுகொண்டு சொன்னேன். "அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்க்கா. உறுதியா கேட்டிருக்காதுன்னு. அந்தப் பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கடுமை இல்லை. "தெரியும் மக்கா. நீ ஒப்புப் போட்டது எனக்குத் தெரியாதா? அந்தச் சீட்டை ஒட்டுனதே நான் தானே." தண்டவாளத்தின் பக்கம் திரும்பினாள். "நீ சொன்னாலும் அது உண்மையான்னு அவன் எனக்க முகத்தைத்தான் பாத்திருப்பான்."

என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. நான் எதற்காக அதைச் சொன்னேன் என்பது அவளுக்குப் புரிந்திருந்தது, தர அவளிடம் எதுவும் இல்லை. பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, இப்போது என் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டாள். சொன்னேன். சுவர் முழுக்க இரும்புத் தகடு பொதித்த ஒரு அறை இருக்கிறது, வெளியிலிருந்து எந்த அலையும் உள்ளே வராது, செய்த போர்டை அதில் வைத்து அது எவ்வளவு இரைகிறது என்று அளப்போம், அளவுக்கு மேல் இரைந்தால் வெளியே விடமாட்டோம், அதற்கு என் தாளில் தனிக் கட்டமே உண்டு என்றேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிடிக்காமல் போனது.

"அதுக்கு உள்ள இருந்தா வெளிய உள்ளது ஒண்ணும் கேக்காதா?" என்றாள்.

"ஒண்ணும் கேக்காதுக்கா."

"கொள்ளாம்" என்றாள், நல்லதுதான் என்பதுபோல.

என் ரயில் வந்தது. பெரிய பையைத் தூக்கி உள்ளே வைத்துத் தந்தாள். நான் இருக்கையைக் கண்டுபிடித்து ஜன்னலுக்கு வந்தபோது அவள் படியேறிச் சாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். ரயில் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது.